வீட்டில் உறைப்புச் சல்சா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சல்சா என்பது நம்முடைய தக்காளிச் சம்பல்தானே? பெயர் மட்டும்தான் வேறா?

உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. ஸ்பானிய மொழியில் 'சல்சா' என்றால் சோஸ், அவ்வளவுதான். மெக்சிக்கோவில் மேசையில் வைத்து எல்லாவற்றோடும் தொட்டுச் சாப்பிடுவது. தக்காளி, வெங்காயம், கொச்சிக்காய், கொத்தமல்லி இலை, தேசிக்காய்ப்புளி, உப்பு ஆகிய ஆறும்தான் அடிப்படை. தேங்காய்ப்பூ இல்லை, தாளிதம் இல்லை, கறிவேப்பிலை இல்லை. அவற்றைப் போட்டால் ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அது சம்பல்.

இரண்டு வகை தெரிந்தால் போதும். ஒன்று எல்லாவற்றையும் பச்சையாகப் பொடியாக வெட்டிக் கலப்பது. இதை அங்கே 'பிக்கோ டே கய்யோ' என்கிறார்கள். மற்றது தக்காளியையும் கொச்சிக்காயையும் சுட்டு அரைப்பது. கல்முனையிலோ காத்தான்குடியிலோ கிடைக்காத பொருள் இரண்டிலுமே எதுவுமில்லை. கொச்சிக்காயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். மட்டக்களப்பில் 1628இல் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் கப்பல் வணிகத்தோடுதான் கொச்சிக்காய் ஆசியப் பக்கம் வந்தது. கொச்சித் துறைமுகத்தின் பேர்தான் நம் வாயில் கொச்சிக்காயாக நின்றுவிட்டது என்பார்கள்.

என்ன தக்காளி வாங்க வேண்டும்?

சதை தடித்தது, விதைக்கூழ் குறைந்தது. சந்தையில் நீள்வட்டமாக, கையில் எடுத்தால் கனமாக, அமுக்கினால் கொஞ்சம் மட்டும் இணங்கும் பழத்தைப் பொறுக்குங்கள். சப்பையான, வரி விழுந்த உருண்டைத் தக்காளி ஆணத்துக்கு நல்லது. பச்சைச் சல்சாவுக்கு அது தண்ணீராகிவிடும்.

ஐப்பசி முதல் தை வரை மழைக்குள் வரும் தக்காளி வெடிப்பும் நீருமாக இருக்கும், புளிப்பும் இனிப்பும் மந்தம். அந்த மாதங்களில் பச்சைச் சல்சாவுக்கு மினக்கெடாமல் சுட்ட சல்சா செய்யுங்கள். நெருப்பு அந்த நீரை வாங்கிவிடும். காயாக வாங்கிவிட்டால் பிரிட்ஜுக்குள் வைக்காமல் கூடைக்குள் இரண்டு நாள் விடுங்கள். குளிரில் தக்காளியின் மணம் செத்துவிடும், பிறகு வெளியே எடுத்தாலும் முழுதாகத் திரும்பாது.

பச்சைச் சல்சாவுக்குச் சரியான அளவு சொல்லுங்கள்.

நாலைந்து பேருக்கு:

தக்காளி 500 கிராம் (நடுத்தரம் 5 அல்லது 6)
சின்ன வெங்காயம் 80 கிராம் (8 முதல் 10)
பச்சைக் கொச்சிக்காய் 4
கொத்தமல்லி இலை, மெல்லிய தண்டோடு, ஒரு கைப்பிடி
தேசிக்காய்ப்புளி 2 மேசைக்கரண்டி
உப்பு 1 மட்டத் தேக்கரண்டி

தக்காளியை நாலாகப் பிளந்து விதைக்கூழை விரலால் வழித்து ஒரு கோப்பையில் சேருங்கள். எறிய வேண்டாம், பருப்புக்குப் போகும். சதையைச் சோளன் மணி அளவில் வெட்டி, உப்பில் பாதியைத் தூவி, அரிதட்டில் 15 நிமிடம் வடிய விடுங்கள். அதற்குள் வெங்காயத்தைப் பொடியாக அரிந்து குளிர்ந்த தண்ணீரில் ஒருதரம் அலசிப் பிழிந்து, தேசிக்காய்ப்புளியில் ஊறப் போடுங்கள். கொச்சிக்காயை எவ்வளவு பொடியாக வெட்ட முடியுமோ அவ்வளவு பொடியாக வெட்டுங்கள். பெரிய துண்டு ஒருவர் வாயில் மட்டும் வெடிக்கும், மற்றவர் உறைப்பே இல்லை என்பார்.

எல்லாவற்றையும் கலந்து, கொத்தமல்லி இலையைக் கடைசியில் போட்டு, மீதி உப்பை ருசி பார்த்துச் சேருங்கள். 20 நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பரிமாறுங்கள். கலந்த உடனே ருசி பார்த்து உறைப்பைக் கூட்டாதீர்கள். கொச்சிக்காயின் உறைப்பு மற்றவற்றில் இறங்க அந்த 20 நிமிடம் வேண்டும்.

நான் செய்தால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறதே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். சல்சா கெடுவதில் முக்கால்வாசி தண்ணீரால்தான். உப்புப் பட்டவுடன் தக்காளித் துண்டுக்குள் இருக்கும் நீர் வெளியே வரும். அதை யாராலும் தடுக்க முடியாது. நாம் செய்யக்கூடியது அந்த நீரை முன்கூட்டியே வரவைத்து வடித்துவிடுவது. மேலே சொன்ன 15 நிமிடம் அதற்காகத்தான். அந்தப் படியைத் தவிர்த்தால் பரிமாறும் கோப்பையில் வடியும்.

இன்னும் மூன்று இடங்களில் தண்ணீர் ஒளிந்து வரும். கழுவிய கொத்தமல்லி இலையை உதறாமல் வெட்டுவது ஒன்று. வெங்காயத்தை அலசிவிட்டுப் பிழியாமல் போடுவது ஒன்று. மழுங்கிய கத்தி மூன்றாவது. அது தக்காளியை வெட்டாமல் நசுக்கும். பல்லுள்ள பாண் கத்தி இருந்தால் அதை எடுங்கள்.

வடித்த நீரை ஊற்றிவிடாதீர்கள். தக்காளியும் உப்பும் சேர்ந்த நல்ல சாறு அது. மீன் ஆணத்திலோ சொதியிலோ விடலாம், உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கொச்சிக்காய் பாவிப்பது? ஹலப்பேனோ இங்கே கிடைப்பதில்லையே.

தேவையில்லை. ஹலப்பேனோவின் உறைப்பு ஸ்கோவில் அளவில் 2,500 முதல் 8,000 வரை, மெக்சிக்கோவில் அதை மிதமான வகையில்தான் சேர்ப்பார்கள். நமது சாதாரணப் பச்சைக் கொச்சிக்காய் பெரும்பாலும் அதற்கு மேல் நிற்கும். ஆகவே வெளிநாட்டுச் செய்முறையில் '4 ஹலப்பேனோ' என்று கண்டால், நமது கொச்சிக்காய் 2 போட்டுத் தொடங்குங்கள். ஹலப்பேனோவின் தடித்த சதையும் பச்சை வாசமும் வேண்டுமென்றால் ஒரு கறிமிளகாயைப் பொடியாக வெட்டிச் சேருங்கள். உறைப்புக்குக் கொச்சிக்காய், சதைக்குக் கறிமிளகாய் என்று பிரித்துக்கொள்வது நல்ல வழி.

செடியில் மேல்நோக்கி நிற்கும் சின்னக் கொச்சி ஒன்று பச்சைக் கொச்சிக்காய் மூன்றுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டு குறைவாகவே தொடங்குங்கள். சிங்களத்தில் 'நை மிரிஸ்' என்று விற்கும் சுருங்கிய, வாசமுள்ள வகை வேறு கதை. அது மெக்சிக்கோவின் ஹபனேரோ இனத்தைச் சேர்ந்தது, பழ வாசம் உண்டு. அன்னாசி அல்லது மாம்பழச் சல்சாவுக்கு அதைப்போல் பொருந்துவது வேறில்லை. 500 கிராம் பழத்துக்கு அரைக் காய் போதும்.

ஒரே குவியலில் வாங்கிய காய்களே ஒன்றுபோல் உறைக்காது. தண்ணீர் குறைவாகக் கண்ட செடியின் காய் கூடுதலாக உறைக்கும். ஒரு காயின் காம்புப் பக்கத்திலிருந்து ஊசி முனையளவு வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு எண்ணிக்கையைத் தீர்மானியுங்கள். நுனிப் பக்கம் உங்களை ஏமாற்றும்.

விதையை எடுத்தால் உறைப்புக் குறையுமா?

விதையில் உறைப்பில்லை. காய்க்குள் விதைகளைத் தாங்கும் வெளிறிய நரம்பு இருக்கிறதே, உறைப்பைத் தரும் கப்சைசின் அங்கேதான் உருவாகிறது. விதை அதில் ஒட்டிக் கிடப்பதால் அதன் மேலும் படிகிறது. கரண்டிக் காம்பால் நரம்பைச் சுரண்டினால் உறைப்பு நன்றாக இறங்கும். விதையை மட்டும் உதறினால் பெரிதாக மாறாது. சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் நரம்பு எடுத்த காயைச் சல்சாவிலும், எடுத்த நரம்பை உப்போடு நசுக்கித் தனிக் கோப்பையிலும் வையுங்கள். வேண்டியவர் போட்டுக்கொள்வார்.

சுட்ட சல்சா எப்படி?

நமது நாக்குக்கு இதுதான் கூடுதலாகப் பிடிக்கும். தக்காளி 500 கிராம், சின்ன வெங்காயம் 10, உள்ளி 4 பல் தோலோடு, பச்சைக் கொச்சிக்காய் 5, உப்பு 1 தேக்கரண்டி, தேசிக்காய்ப்புளி 1 மேசைக்கரண்டி.

இரும்புத் தாச்சி அல்லது ரொட்டி சுடும் கல்லை எண்ணெய் விடாமல் நன்றாகக் காய வையுங்கள். ஒட்டாத பூச்சுள்ள தாச்சி வேண்டாம், வெறுமையாக அந்தச் சூட்டில் வைத்தால் பூச்சுக் கெடும். தக்காளியை முழுதாக வைத்து, திருப்பித் திருப்பி 10 முதல் 12 நிமிடம் சுடுங்கள். தோல் கறுத்து வெடித்து உள்ளே குழைய வேண்டும். வெங்காயத்துக்கும் உள்ளிக்கும் 8 நிமிடம் போதும். கொச்சிக்காய்க்கு 4 அல்லது 5 நிமிடம். அதன் முதுகில் கத்தி முனையால் ஒரு கீறல் போடுங்கள், இல்லாவிட்டால் வெடித்துத் தெறிக்கும். யன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் புகை தொண்டையைப் பிடிக்கும். வீட்டில் இழைப்பு உள்ளவர் இருந்தால் அவர் வெளியே இருக்கும்போது சுடுங்கள்.

விறகடுப்புத் தணலில் சுட்டால் இன்னும் மேல். கறுத்த தோலில் பாதியை உரித்து எறிந்து பாதியை விடுங்கள். முழுவதையும் விட்டால் கசக்கும், முழுவதையும் உரித்தால் சுட்ட பயன் இல்லை.

அம்மியா, பிளெண்டரா?

சுட்ட சல்சாவுக்கு அம்மி. மெக்சிக்கோவில் 'மொல்கஹேத்தே' என்ற, எரிமலைக் கல்லில் செதுக்கிய மூன்று கால் உரலில் இடிப்பார்கள். நமது அம்மி அந்த வேலையைச் செய்யும். கல் உப்பும் உள்ளியும் கொச்சிக்காயும் முதலில். அவை விழுதானபின் வெங்காயம். தக்காளி கடைசியில், நாலைந்து இழுப்பு மட்டும். தக்காளியை முதலில் வைத்தால் வழுக்கும், கொச்சிக்காய் அரைபடாது. அம்மியில் கருவாட்டு வாசம் ஒட்டியிருந்தால் ஒரு பிடி பச்சரிசியையும் கல் உப்பையும் வைத்து அரைத்துக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

பிளெண்டரில் செய்வதானால் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, ஒவ்வொரு வினாடியாக 5 அல்லது 6 தடவைக்கு மேல் ஓட்டாதீர்கள். தொடர்ந்து ஓட்டினால் காற்று உள்ளே போய் நுரைத்து, சிவப்பு ரோசா நிறமாகிவிடும். அப்படி ஆகிவிட்டதா? ஒரு சட்டியில் ஊற்றி மிதமான நெருப்பில் 5 நிமிடம் கொதிக்க விடுங்கள், காற்று வெளியேறி நிறம் திரும்பும். பச்சை வெங்காயத்தை மட்டும் பிளெண்டருக்குள் போடவே போடாதீர்கள். நசுங்கிய வெங்காயம் கால் மணி நேரத்தில் காட்டமாகிக் கசக்கும். அதைக் கையால் வெட்டிப் பிறகு கலவுங்கள்.

செத்தல் கொச்சிக்காயில் செய்யலாமா? புகை வாசம் எப்படி வரும்?

தாராளமாக. 6 செத்தலைக் காம்பு கிள்ளி, காய்ந்த தாச்சியில் ஒரு பக்கத்துக்கு 10 முதல் 15 வினாடி மட்டும் வாட்டுங்கள். வாசம் எழும்பியதும் இறக்க வேண்டும், கறுத்தால் கசப்பு, அதற்கு மருந்தில்லை. சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊற வைத்துச் சுட்ட தக்காளியோடு அரையுங்கள். ஊறிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் சேருங்கள். கால் தேக்கரண்டி வறுத்த நற்சீரகத் தூள் இதற்குப் பொருந்தும்.

மெக்சிக்கோவில் புகைவாசத்துக்குச் 'சிப்போத்லே' போடுவார்கள், அது புகையில் உலர்த்திய பழுத்த ஹலப்பேனோ. நம்மிடம் சிரட்டை இருக்கிறது. அரைத்த சல்சா உள்ள சட்டியின் நடுவில் சின்ன எவர்சில்வர் கிண்ணம் வைத்து, நன்றாகச் சிவந்த சிரட்டைத் தணல் ஒன்றை அதில் இட்டு, நாலு சொட்டு எண்ணெய் விட்டு உடனே மூடுங்கள். 5 நிமிடம் போதும். 10 நிமிடம் விட்டால் அடுப்பங்கரை வாசம் அடிக்கும்.

தேசிக்காய்க்குப் பதில் வினாகிரி விடலாமா?

உடனே சாப்பிடுவதற்கு விடலாம், தென்னை வினாகிரி நன்றாக இருக்கும், ஒரு மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். ஆனால் பச்சைச் சல்சாவின் உயிர் தேசிக்காய் வாசம். பழப்புளி வேறு திசைக்கு இழுக்கும், செத்தல் போட்ட சுட்ட சல்சாவில் மட்டும் அரைத் தேக்கரண்டி கரைத்து விடலாம். போத்தலில் அடைக்கும்போது மட்டும் இந்த மாற்றங்கள் கூடாது. காரணம் கீழே.

உறைப்புக் கூடிவிட்டது. சரிசெய்ய முடியுமா?

தண்ணீர் விடாதீர்கள். கப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வழி, தக்காளியைக் கூட்டுவதுதான். இன்னும் 2 தக்காளியைச் சுட்டு நசுக்கிச் சேருங்கள், அதற்கேற்ப உப்பும் புளியும். ஒரு சிட்டிகை சீனி உறைப்பின் முனையைக் கொஞ்சம் மழுக்கும். பழுத்த பட்டர் புரூட் பாதியை மசித்துக் கலந்தால் சல்சா வேறொன்றாகிவிடும், ஆனால் நல்ல வேறொன்று.

வாய் எரிகிறவருக்கு எருமைத்தயிர் கொடுங்கள். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் கப்சைசினை நாக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். மட்டக்களப்புச் சட்டித்தயிர் பக்கத்தில் இருக்கும்போது குளிர்பானப் போத்தலைத் தேடுவது வீண்.

உறைப்புக் குறைந்தாலோ, கொச்சிக்காய்த் தூளைப் பச்சையாகத் தூவாதீர்கள். நறநறக்கும், பச்சை வாசம் அடிக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெயை இளஞ்சூடாக்கி, அரைத் தேக்கரண்டித் தூளை அதில் 10 வினாடி பிரட்டிவிட்டுக் கலவுங்கள்.

கொச்சிக்காய் வெட்டிய கை எரிகிறது.

முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இரண்டுதரம் செய்ய வேண்டி வரும். வெறும் தண்ணீர் எரிவைப் பரப்பும். வெட்டுமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது, நை மிரிஸ் என்றால் றபர் கையுறை கட்டாயம். கண்ணில் வில்லை வைப்பவர்கள் கொச்சிக்காய் வெட்டும் வேலையை வேறொருவரிடம் விடட்டும்.

எத்தனை நாள் வைக்கலாம்? ஊறுகாய் மாதிரி மேலே எண்ணெய் விட்டால்?

பச்சைச் சல்சா பிரிட்ஜில் 3 நாள், சுட்டது 5 நாள். கண்ணாடிப் போத்தல் அல்லது எவர்சில்வர். அலுமினியச் சட்டியில் வைத்தால் புளி உலோகத்தைத் தின்னும், சல்சாவில் தகர ருசி வரும். நமது வெக்கையில் மேசைமேல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கல்லடிக் கடற்கரைக்கோ பாசிக்குடாவுக்கோ கொண்டுபோவதானால் ஐஸ் நிரப்பிய பெரிய கிண்ணத்துக்குள் சல்சாக் கிண்ணத்தை வையுங்கள்.

எண்ணெய் விடும் யோசனை ஆபத்தானது. ஊறுகாய் கெடாமல் நிற்பது எண்ணெயால் மட்டுமல்ல, அதிலுள்ள உப்பாலும் புளியாலும். சல்சாவில் உப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்குதான். அதன்மேல் எண்ணெய் நின்றால் உள்ளே காற்றுப் போகாது. காற்றில்லாத, புளிப்புக் குறைந்த ஈரத்தில்தான் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளரும். அந்த நச்சுக்கு நிறமோ மணமோ கிடையாது.

உறைநிலைப் பெட்டியில் சுட்ட சல்சா 2, 3 மாதம் நிற்கும். பச்சைச் சல்சாவை உறைய வைத்தால் துண்டுகள் குழைந்துவிடும்.

போத்தலில் அடைத்து மாதக் கணக்கில் வைக்க முடியுமா?

முடியும், ஆனால் இங்கே கைப்பக்குவத்துக்கு இடமில்லை. அந்தக் கிருமி வளராதிருக்கச் சல்சாவின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், புளிப்புக் கூடினால் இது குறையும்) 4.6க்குக் கீழே இருக்க வேண்டும். தக்காளி அந்தக் கோட்டின் இரு பக்கமும் நிற்கும் பழம். வெங்காயமும் கொச்சிக்காயும் உள்ளியும் கோட்டுக்கு மேலே. எனவே அவை கூடக் கூட ஆபத்தும் கூடும்.

அமெரிக்காவில் வீட்டுப் போத்தலிடலுக்கெனச் சோதித்துத் தந்திருக்கும் அளவு ஒன்று: தோலும் விதையும் நீக்கிய தக்காளி 6 கோப்பை, வெங்காயமும் எந்தவகை மிளகாயும் சேர்த்து 9 கோப்பை, போத்தலில் விற்கும் தேசிக்காய் அல்லது எலுமிச்சைச் சாறு 1½ கோப்பை, உப்பு 3 தேக்கரண்டி. எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, 3 நிமிடம் மெல்லக் கொதித்தபின் சூடாகவே அடைத்து, அரை லீற்றர் அளவான போத்தல்களை முழுதாக மூழ்கும் கொதிநீரில் 15 நிமிடம் வைக்க வேண்டும். கரையோரத்துக்கு இந்த நேரம் சரி. வெங்காயத்தையும் மிளகாயையும் தங்களுக்குள் கூட்டிக் குறைக்கலாம், மொத்தம் 9 கோப்பையைத் தாண்டக்கூடாது. சாற்றைக் குறைக்கக் கூடாது, அதற்குப் பதில் வினாகிரியும் கூடாது, வினாகிரி அவ்வளவு புளிப்பில்லை. பிழிந்த தேசிக்காயின் புளிப்பு காய்க்குக் காய் மாறுவதால்தான் போத்தல் சாறு என்கிறார்கள். சீனி சேர்த்த கோடியலை எடுத்துவிடாதீர்கள். சோளமாவு போட்டுத் தடிப்பாக்கவும் வேண்டாம், சூடு நடுவுக்குப் போகாது.

பழைய ஜாம் போத்தல் மூடி மறுபடி காற்றுப் புகாமல் இறுகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இறுகி உட்குழியும் புதிய மூடி கிடைக்காவிட்டால் இந்த வேலையை விட்டுவிட்டு உறைய வைப்பதே புத்தி. விற்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு கதையுங்கள்.

சோளன், மாங்காய் போடலாமா?

இரண்டும் அருமை. பால் முற்றாத சோளன் இரண்டைத் தணலில் சுட்டு மணிகளை வெட்டியெடுத்து, மேலே சொன்ன பச்சைச் சல்சாவில் தக்காளியைப் பாதியாக்கிக் கலவுங்கள். மாங்காய் என்றால் செங்காய். முழுக்காய் போட்டால் தேசிக்காயை விட்டுவிடுங்கள்.

கொத்தமல்லி இலை வீட்டில் ஒருவருக்கு ஆகாது.

சிலருக்கு அது சவர்க்கார வாசமாகத் தெரிவது பிறவி அமைப்பு. புதினா 10 இலை போடுங்கள். வெங்காயத்தாளும் சரி.

நாச்சோஸ் இல்லாமல் எதனோடு சாப்பிடுவது?

சுட்ட பாரைமீன், பொரித்த இறால், கணவாய். பச்சைச் சல்சாவை மீன்மேல் போடுவது பரிமாறும் நேரத்தில் மட்டும், முன்கூட்டிப் போட்டால் மொறுமொறுப்புப் போய்விடும். மரவள்ளிச் சிப்ஸும் பொரித்த அப்பளமும் அள்ளிச் சாப்பிட ஏற்றவை, ஆனால் அவற்றிலேயே உப்பு உண்டு, சல்சாவில் கால் தேக்கரண்டி குறையுங்கள். நோன்பு துறக்கும் நேரத்துச் சமோசாவுக்கும் கட்லட்டுக்கும் செத்தல் போட்ட சுட்ட சல்சா, போத்தல் சோஸை விட எவ்வளவோ மேல். பிட்டுக்கு மட்டும் இது சேராது. பிட்டுக்குக் கொழுப்பு வேண்டும், சல்சாவில் அது இல்லை.

மூன்றாம் நாள் மீந்து கிடக்கிறது, பச்சையாகச் சாப்பிட மனமில்லை.

தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, சல்சாவை ஊற்றித் தண்ணீர் வற்றும்வரை வதக்குங்கள். குழி தோண்டி இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, மூடி, சிறு நெருப்பில் 4 நிமிடம். மஞ்சட்கரு இறுக வேண்டுமென்றால் 6. ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்பருகிலேயே நில்லுங்கள், வெள்ளைக்கரு வெந்த பிறகு ஒரு நிமிடம் தவறினாலும் அடி பிடிக்கும்.